முழவால் செய்யும் வணக்கம்



புனே நகரிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் இரயிலில் ஏறுவோர், சிஞ்ச்வட், ஆகுர்டி ஆகிய நிலையங்களைக் கடந்ததும் தேஹு ரோடு என்னும் நிலையத்தைக் காண்பர். படைத்துறைக் கிடங்கை ஒட்டி வளர்ந்த ஊர் இது. கிடங்கு வேலைக்கென்று தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் மக்களும் பேரன் பேத்திகளும் இங்கே வாழ்கின்றனர். கடைத்தெருவில் நின்றால் மராத்தியோடும் இந்தியோடும் கலந்து தமிழும் காதில் விழும். இவ்வூரிலிருந்து சிறிது தொலைவில், இந்திராயணி ஆற்றங்கரையில் இருக்கிறது தேஹு என்னும் சிற்றூர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராம் சுவாமிகள் பிறந்த மண் அது.

ஆண்டுதோறும் ஆஷாட மாதம் நெருங்கும்போது, துக்காராமின் திருவடி நிலைகளைத் தாங்கிய பல்லக்கு தேஹுவிலிருந்து பண்டரிபுரத்திற்குப் புறப்படும். அவருடைய இளைய மகனார் நாராயண மகராஜ் 1685ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த வழக்கம் இது. பல்லக்கின் முன்னும் பின்னும் வார்க்கரி அடியார்கள் கூட்டங்கூட்டமாக நடந்து வருவர். கையில் ஜால்ரா; கழுத்தில் தொங்கும் பக்வாஜ். அந்தப் பக்வாஜை மராத்தியர் 'மிருதங்' என்றே அழைப்பர். நம்முடைய மிருதங்கத்தின் உடன்பிறப்பு அது. அதன் இடமுகத்தில் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டுவர். நாம் நம்முடைய தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறோம். ஊர் வேறு, மாவு வேறு; தோலுக்கு வேண்டிய கனம் ஒன்றே.

அப்படிப் பல்லக்குப் புறப்பட்ட ஒரு நாள் மாலையில், எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் சிலர் கூடியிருந்தோம். அவர் கிடங்கில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இளமையில் சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் மிருதங்கம் பயின்றவர். மார்கழி பஜனை என்றால் இன்றும் அவர் கைதான் எங்களுக்குத் துணை. அவருடைய பேரன் கல்லூரி மாணவன். மராத்தியை மராத்தியரைப் போலவே பேசுவான். தேஹுவில் ஒரு பக்வாஜ் ஆசிரியரிடம் பாடங்கேட்டு வருகிறான். அன்று அடியார் கூட்டத்தோடு ஆகுர்டி வரை நடந்து, வாசித்து, செம்மண் படிந்த காலோடு வீடு திரும்பியிருந்தான்.

வந்தவன் தன் கைப்பேசியில் ஓர் இசைப்பதிவை ஒலிக்கச் செய்தான். எக்காளம் போன்ற ஊதுகருவிகள் முழங்கின. அவற்றின் அடியில் ஏதோ ஒரு தோற்கருவி, வெறுங்கையால் வாசிக்கப்படுவது, விடாமல் பேசிக்கொண்டேயிருந்தது. பெரியவர் செவிசாய்த்துக் கேட்டார்.

“யாருடைய கச்சேரியடா இது?” என்றார்.

“கச்சேரி இல்லை, தாத்தா. ஒரு வாத்தியக்காரர், தமக்கு முன்னே வாழ்ந்து மறைந்த இன்னொரு வாத்தியக்காரருக்குச் செய்த அஞ்சலி.”

“அஞ்சலி என்றால் இரண்டு நிமிடம் வாசிக்காமல் இருப்பதல்லவா?” என்று பெரியவர் சொல்ல, நாங்கள் நகைத்தோம். ஆனால் அவர் நகைக்கவில்லை. சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “எங்கேயோ இருக்கிற ஒருவன் தனக்கு முன்னே இருந்தவனைக் கும்பிடுகிறான். அவனை நீ கும்பிடுகிறாய். காலையில் பக்வாஜைக் கும்பிடுகிறாய். இந்த மூலையில் இருக்கிறதே மிருதங்கம், இதைக் கும்பிட யார் இருக்கிறார்கள்?”

திண்ணையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மூலையில் உறையிட்டுச் சாய்த்து வைத்திருந்த மிருதங்கத்தை எல்லோரும் பார்த்தோம். அயல் மாநிலங்களில் வாழும் தமிழர் பலருடைய உள்ளத்திலும் உறுத்திக்கொண்டிருக்கும் வினா அது. பிள்ளைகள் பிறருடைய கலையைப் போற்றத் தொடங்கினால், நம் கலை நம்மோடு நின்றுவிடுமா? இவ்வினாவுக்கு விடை தேடும்பொருட்டு, அந்தப் பிள்ளை கேட்ட இசையின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

அவன் கேட்டது, போன்ச்சோ சாஞ்செஸ் என்னும் கலைஞர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சானோ இ டிஸ்ஸி' என்னும் இசைத்தொகுப்பு. 'சானோவும் டிஸ்ஸியும்' என்பது அதன் பொருள். சானோ என்பவர் கியூபத் தீவினரான சானோ போசோ. டிஸ்ஸி என்பவர் அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையின் பெரும்புகழ் பெற்ற எக்காளக் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி.

சானோ போசோ 1915ஆம் ஆண்டில் ஹவானா நகரில் ஏழை நீக்ரோவர் குடியிருப்பில் பிறந்தவர். அவர் வாசித்த கருவி கோங்கா. மரப்பலகைகளைப் பீப்பாய்போல் இணைத்து, ஒரு முகத்தில் மட்டும் தோல் போர்த்த உயரமான முழவு அது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள், கையில் ஒன்றும் கொண்டுவர இயலாதவர்கள், நெஞ்சில் கொண்டுவந்த தாளங்களுக்காக அத்தீவில் கிடைத்த மரத்தைக் கொண்டு செய்துகொண்ட கருவிகளின் வழிவந்தது. முற்காலத்தில் அதன் தோலை ஆணியடித்துப் பொருத்துவர். சுருதி இறங்கினால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவர். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும் நம் ஊர்க் காட்சி நினைவுக்கு வருகிறதல்லவா? பிற்காலத்திலேதான் திருகாணிகள் வந்தன.

சானோ 1947ஆம் ஆண்டில் நியூயார்க் நகரை அடைந்தார். அங்கே முன்னரே குடியேறியிருந்த கியூப இசைவாணர் மரியோ பௌசா, அவரைக் கில்லெஸ்பியிடம் அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் கார்னகி அரங்கில் கில்லெஸ்பியின் பெரிய இசைக்குழுவோடு சானோ வாசித்தார். கியூபத் தீவின் கோயில் முழக்கமும் அமெரிக்க நகரத்து ஜாஸ் இசையும் ஒரே மேடையில் கைகோத்த நிகழ்ச்சிகளுள் தலையாயது அது. அவ்வாண்டு இறுதியில் 'மாந்தேக்கா' என்னும் பாடல் ஒலிப்பதிவாயிற்று. இன்று இலத்தீன் ஜாஸ் என்று வழங்கும் இசைமரபின் அடிக்கற்களுள் ஒன்றாக அதனைக் கருதுகின்றனர்.

அப்பாடல் பிறந்த முறை நமக்கு மிகவும் நெருக்கமானது. சானோவுக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. இந்தக் கருவி இப்படிச் செல்லவேண்டும், அந்தக் கருவி இப்படி விடைகூற வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வாயாலேயே பாடிக்காட்டினார். கில்லெஸ்பி அதற்கு நடுப்பகுதி ஒன்றை ஆக்கிச் சேர்த்தார். கில் புல்லர் என்பவர் குழுவுக்கேற்ப எழுதியமைத்தார். வாயால் சொல்லி, பிறகு கையால் வாசிப்பது என்பது நம் முழவாசிரியர்கள் சொற்கட்டைக் கற்பிக்கும் முறையேயன்றோ?

கில்லெஸ்பிக்கு ஸ்பானிய மொழி தெரியாது. சானோவுக்கு ஆங்கிலம் தெரியாது. எப்படி உரையாடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, இருவரும் ஆப்பிரிக்க மொழியில் பேசிக்கொள்கிறோம் என்னும் கருத்தில் சானோ விடையளித்ததாகச் சொல்வர். மொழி தெரியாத ஊரில் வந்திறங்கி, முதல் மாதச் சம்பளம் வாங்கும்வரை கைச்சாடையால் வாழ்ந்த நம் முன்னோரின் நிலையை எண்ணிப்பார்த்தால், அவ்விடையின் பின்னால் இருந்த தனிமையும் பெருமிதமும் ஒருங்கே விளங்கும்.

சானோவின் புகழ்வாழ்வு நீடிக்கவில்லை. 1948 டிசம்பர் மாதத்தில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு சண்டையில் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 33. கில்லெஸ்பியின் குழுவோடு அவர் வாசித்த காலம் ஓராண்டுக்குச் சற்று மிகுதியாக இருக்கலாம்; அவ்வளவே. முறையாக மாணாக்கர்களை உட்காரவைத்துப் பாடஞ்சொல்ல அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. பிறகு அவருடைய கை எப்படி உயிர்பிழைத்தது?

இங்கேதான் போன்ச்சோ சாஞ்செஸ் வருகிறார். அவர் கியூபத் தீவினர் அல்லர். மெக்சிகோ வழிவந்த குடும்பத்தில், டெக்சாசு மாநிலத்து லரேடோ நகரில் 1951ஆம் ஆண்டில், பதினொரு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர். கலிபோர்னியாவில் வளர்ந்தவர். சானோ இறந்தபின் பிறந்தவர். சானோவின் முகத்தை நேரில் கண்டறியாதவர். வீட்டில் மூத்தவர்கள் விரும்பிக் கேட்ட இசைத்தட்டுகளின் வழியே கியூபத் தாளங்கள் அவர் செவியை அடைந்தன. இசைத்தட்டே அவருக்கு ஆசான் ஆயிற்று. ஏகலைவனுக்கு மண்ணால் செய்த உருவம் ஆசானாய் இருந்தது. இவருக்குச் சுழலும் கருந்தட்டு ஆசானாய் இருந்தது.

1975ஆம் ஆண்டில் கால் ஜேடர் என்பவரின் இசைக்குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஜேடர் சுவீடிய மரபினர். கியூப இசையில் தோய்ந்தவர். அவருடைய குழுவில் 1950களின் இறுதியில் கோங்கா வாசித்தவர் மோங்கோ சாந்தமரியா. ஹவானாவிலிருந்து 1950ஆம் ஆண்டில் நியூயார்க் வந்தவர்; 'ஆப்ரோ புளூ' என்னும் புகழ்பெற்ற பாடலை ஆக்கியவர். அந்த மோங்கோவைத்தான் சாஞ்செஸ் இளமை முதல் தம் வழிகாட்டியாக எண்ணியிருந்தார். அவர் முன்பு அமர்ந்த இருக்கையிலேயே அமரும் பேறு சாஞ்செஸுக்கு வாய்த்தது. 1982ஆம் ஆண்டில் ஜேடர் மறையும்வரை அவ்விருக்கையில் அவர் இருந்தார். 1996ஆம் ஆண்டில் 'கோங்கா புளூ' என்னும் தொகுப்பில் மோங்கோவையே அழைத்துவந்து, உடனமர்ந்து வாசித்தார். மோங்கோ 2003ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஸ்வீடன், மெக்சிகோ, கியூபா, ஆப்பிரிக்கா என்று இந்தக் குருபரம்பரையின் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். வந்த இடத்தில் கேட்ட ஒலியை மதித்தவர்கள்.

இத்தனை ஆண்டுகள் இப்படி வாசித்துப் பழுத்தபின்தான், 2011ஆம் ஆண்டில், சாஞ்செஸ் சானோ போசோவுக்குத் தம் வணக்கத்தைச் செலுத்தினார். நியூ ஆர்லியன்சு நகரத்து எக்காளக் கலைஞர் டெரன்ஸ் பிளான்சார்டு அவருக்குத் துணைநின்றார். தொகுப்பின் தொடக்கமாக, சானோவோடு தொடர்புடைய மூன்று பாடல்களைச் சரமாகக் கோத்து வாசித்தனர். அவற்றுள் ஒன்று 'மாந்தேக்கா'. மற்றொன்றின் பெயர் 'தின் தின் தேயோ'. நம் கொன்னக்கோல் ஆசிரியர் ஒருவர் சொன்ன சொற்கட்டோ என்று எண்ணும்படி இருக்கிறதல்லவா?

அந்த அஞ்சலியில் நாங்கள் கவனித்தது ஒன்று உண்டு. சானோவின் பதிவுகளையும் சாஞ்செஸின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டோம். சாஞ்செஸ் சானோவின் வாசிப்பை அப்படியே திருப்பி வாசிக்கவில்லை. சானோவின் ஒலியில் ஒரு காட்டுத்தீயின் சீற்றம் உண்டு. சாஞ்செஸின் ஒலி உருண்டு திரண்டது, அமைதியானது. ஆயின் ஒன்றை மட்டும் அவர் இம்மியும் பிசகாமல் காத்தார். அதற்குக் 'கிளாவே' என்று பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் திறவுகோல் என்று பொருள். இரண்டு சிறு மரக்கோல்களை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து தட்டுகள் அவை. கியூப இசையில் பாடகரும் ஊதுகருவியினரும் முழவினரும் ஆகிய எல்லோரும் இந்த ஐந்து தட்டுகளைச் சார்ந்தே செல்லவேண்டும். கோல் வெளிப்படையாக ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் அது எல்லோர் நெஞ்சிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

நேயர்கள் இப்போதே இதனைத் தட்டிப் பார்க்கலாம். பதினாறு அட்சரங்களை எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றை இப்படிப் பிரியுங்கள்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்றும் மூன்றும் நான்கும் இரண்டும் நான்குமாகப் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் ஒரு தட்டு. முன்பாதி எட்டில் மூன்று தட்டுகள் விழும்; பின்பாதி எட்டில் இரண்டு விழும். அவ்வளவே கிளாவே.

இதையே ஆதி தாளத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு அட்சரம். முதல் தட்டு சமத்தில் விழும். இரண்டாவது, சிறுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் விழும். மூன்றாவது நடுவிரலில் விழும். நான்காவது, அடுத்த தட்டுக்குப் பின்வரும் வீச்சில். ஐந்தாவது, கடைசித் தட்டில். ஐந்தில் இரண்டாவது ஒன்றே இடுக்கில் விழுகிறது. அந்த ஒன்றுதான் காலைத் துள்ள வைக்கிறது!

அன்று மாலை திண்ணையில் நடந்ததும் இதுவே. பேரன் ஐந்து தட்டுகளையும் தட்டிக்காட்டினான். பெரியவர் ஆதி தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். முதல் ஆவர்த்தத்தில் புருவத்தை நெரித்தார். இரண்டாவதில் தலையசைத்தார். மூன்றாவதில், “இது தகிட தகிட தகதிமி அல்லவா! இதை என் ஆசிரியர் எனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தாரே” என்றார். அவர் ஆசிரியர் கியூபத் தீவின் பெயரையும் கேட்டிருக்கமாட்டார். எனினும் மூன்றையும் நான்கையும் இரண்டையும் அடுக்கி, நேராகச் செல்லும் காலத்தின்மீது கோணலான ஓர் அழகைப் படரவிடும் கலை இரு நாட்டிலும் தனித்தனியே வளர்ந்திருக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கியதாக நாம் சொல்லவேண்டியதில்லை. மனிதனுக்கு இரண்டு கைகளும் ஒரு நெஞ்சுத்துடிப்பும் எங்கும் உண்டு.

இனி, முழவினர் ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் வணக்கம் எத்தகையது என்பதை நம் மரபிலும் காண்போம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனுக்குரிய தகுதிகள் கூறப்பெறுகின்றன. உடனொலிக்கும் கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். தன் கையொலி மிஞ்சிவிடாமல் காத்தல் வேண்டும். தன்னைக் காட்டுவதற்கு முன் பிறரைக் கேட்பவனே முழவாசிரியன் என்பது இதன் கருத்து. பிறரைப் போற்றும் பண்பு முழவின் இலக்கணத்திலேயே அமைந்துகிடக்கிறது.

புதுக்கோட்டை மரபை எண்ணிப்பாருங்கள். அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் பணியில் இருந்தவர் மான்பூண்டியா பிள்ளை. தவில் கலைஞர் மாரியப்பரிடம் தாளநுட்பங்களைக் கற்றார். உடும்புத்தோல் போர்த்த சிறு வட்டக் கருவியாகிய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். அவர் தம் ஆசிரியரின் தவிலைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. ஆசிரியரின் கணக்கைத் தம் கருவியில் ஏற்றினார். அவருடைய மாணாக்கர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் ஒருங்கே சிறந்து விளங்கி, 1936ஆம் ஆண்டில் மறைந்தார். மற்றொரு மாணாக்கரான பழனி முத்தையா பிள்ளையின் மகனார், இடக்கை வாசிப்பால் புகழ்பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவருடைய மாணாக்கர்களுள் ஒருவர் த. ரங்கநாதன், 1960களில் அமெரிக்க நாட்டு வெசுலியன் பல்கலைக்கழகத்தில் அந்நாட்டு இளைஞர்களுக்கு மிருதங்கம் கற்பித்தார். மற்றொருவர் திருச்சி சங்கரன், 1971ஆம் ஆண்டு முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். விளக்குப் பிடித்த கை ஏற்றிய சுடர் எத்துணைத் தொலைவு சென்றிருக்கிறது பாருங்கள்!

தமிழ்நாட்டுக் கையும் இலத்தீன் நாட்டுக் கையும் நேருக்கு நேர் சந்தித்ததும் உண்டு. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க முழவுக் கலைஞர் மிக்கி ஹார்ட் 'பிளானட் டிரம்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் நம் விக்கு விநாயகராம் கடம் வாசித்தார். ஜாகிர் உசேன் தபலா வாசித்தார். நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலதுஞ்சி இருந்தார். பிரேசில் நாட்டு அயர்ட்டோ மொரேய்ரா இருந்தார். சானோவும் மோங்கோவும் வகுத்த வழியில் கோங்காவை வளர்த்தெடுத்த புவேர்ட்டோ ரிக்கோ கலைஞர் ஜியோவன்னி இடால்கோவும் இருந்தார். உலக இசைக்கென்று முதன்முதலாக வழங்கப்பெற்ற கிராமி விருது அத்தொகுப்புக்கே கிடைத்தது.

அதில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விநாயகராம் அங்கே கோங்காவை வாசிக்கவில்லை. இடால்கோ கடத்தை வாசிக்கவில்லை. மண்பானை மண்பானையாகவே பேசிற்று. மரப்பீப்பாய் மரப்பீப்பாயாகவே பேசிற்று. தன் வீட்டைவிட்டு வெளியேறாமலே அடுத்தவரை வாசலில் நின்று வரவேற்க முடியும் என்பதை அந்தக் கைகள் காட்டின. விநாயகராமின் தந்தையார் ஹரிஹர சர்மா 1958ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு தாளவாத்தியப் பள்ளியை நிறுவியவர். அந்தப் பள்ளியின் பயிற்சி உள்ளே உறுதியாக நின்றதனால்தான், மகனால் எந்த நாட்டு முழவோடும் அச்சமின்றி அமர முடிந்தது.

ஆகவே, பெரியவரின் வினாவுக்கு எங்களால் இயன்ற விடை இதுதான். முழவினர் செய்யும் அஞ்சலியில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, கேட்டல், சாஞ்செஸ் இசைத்தட்டைக் கேட்டதுபோல ஆண்டுக்கணக்கில் கேட்டல். இரண்டாவது, முன்னவர் எதனை உயிராகக் கொண்டாரோ அந்த அடித்தளத்தைப் பிசகாமல் காத்தல். மூன்றாவது, அத்தளத்தின்மீது தன் சொந்தக் கையால் விடைகூறுதல். மூன்றாவது இல்லாவிட்டால் அது வெறும் நகல். இரண்டாவது இல்லாவிட்டால் அது வெறும் ஆரவாரம். முதலாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் பிறப்பதே இல்லை.

இதில் ஒரு கடுமையான உண்மையும் அடங்கியிருக்கிறது. விடைகூறுவதற்குச் சொந்தக் கை ஒன்று வேண்டும். மராத்தியப் பக்வாஜையும் கியூபக் கோங்காவையும் போற்றுகிற நம் பிள்ளைகளுக்குத் தமிழ்க்கை இல்லாமற்போனால், அவர்கள் போற்றுவார்கள், ஆனால் விடைகூறமாட்டார்கள். அந்தக் குறை பிள்ளைகளுடையது அன்று. பிள்ளை அடுத்த வீட்டு முழவைத் தேடிச் சென்றதற்கு, நம் வீட்டு முழவு உறைக்குள் இருந்ததும் ஒரு காரணம். அவன் பாடங்கேட்கச் சென்ற ஆசிரியர் தேஹுவில் இருந்தார். வீட்டிலிருந்த ஆசிரியரோ பாடஞ்சொல்லத் தொடங்கவேயில்லை. இதைத் திண்ணையில் இருந்தவர்கள் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவரே சொன்னார்.

“நான் இவனை உட்கார வைத்ததே இல்லை. கிடங்கு வேலை, இரவு முறை, பகல் முறை என்று காலம் போய்விட்டது. ஓய்வு பெற்றபின், இனி இவனுக்கு இதெல்லாம் எங்கே பிடிக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்” என்றார்.

பேரன் எழுந்து சென்று மிருதங்கத்தை எடுத்துவந்து உறையைக் கழற்றினான். வார் தளர்ந்திருந்தது, தொப்பியின் தோல் ஓரிடத்தில் விரிந்திருந்தது. தட்டிப் பார்த்த பெரியவர் முகத்தைச் சுளித்தார். “இதற்கு வார் இழுத்து மூட்டு மாற்றவேண்டும். இங்கே யார் இருக்கிறார்கள்?” என்றார். “என் ஆசிரியருக்குப் பக்வாஜ் செய்கிறவர் ஒருவரைத் தெரியும், தாத்தா. கேட்டுப் பார்க்கிறேன்” என்றான் பேரன். பெரியவர் சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, “முதலில் தகிட தகிட தகதிமியை மூன்று காலத்திலும் சொல்லு பார்க்கலாம்” என்றார்.

பேரன் சொன்னான். இரண்டாம் காலத்தில் சறுக்கினான். பெரியவர் நிறுத்தி, மீண்டும் தொடங்கச் சொன்னார். நாங்கள் விடைபெற்றுக்கொண்டு எழுந்தபோதும் அந்தப் பாடம் முடிந்திருக்கவில்லை.

நேயர்களே! பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு மூலை இருக்கும்; அதில் உறையிட்ட ஒரு கருவியோ, பெட்டியில் பூட்டிய ஒரு சுவடியோ, ஒரு முதியவரின் நாவில் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு பாட்டோ இருக்கும். உங்கள் பிள்ளை அயலாரின் கலையை வியந்துகொண்டு வீடு திரும்பும் நாளில் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் கொண்டுவந்ததை அருகிலமர்ந்து கேளுங்கள். அதன் கணக்கை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். பிறகு, உறையைக் கழற்றுங்கள். ஹவானாவில் பிறந்து 33 வயதில் மறைந்த ஒருவரின் கை, அவரைக் கண்டறியாத ஒருவரின் கையில் வாழ்கிறது. கண்ணெதிரே இருக்கும் பேரனின் கையில் நம் கை வாழ்வதற்கு நாம் செய்யவேண்டியது, அவனை அருகில் உட்கார வைப்பதே.